நிற்காதவளின் நாற்பது கிலோமீட்டர்

படகுக்கு பிரேக் கிடையாது என்ற செய்தி அவள் கணவருக்குத் தெரியவந்தது, படகை வாங்கிப் பதினோரு நாள் கழித்து.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். பள்ளியின் பெயர் நிதானம். இருபத்தேழு வருடமாக, கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் வலது பாதத்தை வைத்தே குடும்பம் நடத்தியவர். அந்தப் பாதம் எப்போதோ சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. பஸ்ஸில் போனாலும் அழுத்தும். டிவியில் கார் வந்தாலும் அழுத்தும். தம்பியின் பல் ஆஸ்பத்திரியில் நாற்காலிக்குக் கீழே எதையோ அழுத்தி, வாயைத் திறந்தபடியே கூரைவரை போய்வந்திருக்கிறார்.

அப்படிப்பட்டவர் படகு வாங்கியதற்குக் காரணம் ஒரு வரைபடம். கடலுக்குள் போகாமலே கடலோரமாகப் போக ஒரு நீர்வழி இருந்தது. மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் கால்வாய், பிறகு ஆறு, பிறகு கழிமுகம், பிறகு பெரிய ஏரி என்று ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு போகும் வழி. அலை கிடையாது, சிக்னல் கிடையாது, எதிரே லாரி வராது. ஓய்வுக்காலத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்று எட்டு மீட்டர் நீளத்தில் பழைய விசைப்படகு ஒன்றை வாங்கினார். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு, தலையில் இடிக்கும் ஒரு அலமாரி. படகுக்கும் நிதானம் என்றே பெயர் எழுதினார். பன்னிரண்டாம் நாள், பள்ளியின் பழைய கார் ஒன்றிலிருந்து பிரேக் பெடலைக் கழற்றிக் கொண்டுவந்து, படகில் தனக்குப் பழகிய பக்கத்து இருக்கைக்கு முன்னால் நான்கு போல்ட் போட்டு இறுக்கினார்.

"இது எதோட சேர்ந்திருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"எதோடயும் இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"மனசுக்கு."

அவளுக்கு அது புரிந்தது. புரியாமல் எப்படி இத்தனை வருடம் ஓட்டியிருக்க முடியும்? ஆனால் வேறு எதையும் அவள் ஓட்டியதில்லை. கார் ஓட்டும் தேர்வில் நான்கு முறை தோற்றவள் அவள், அதுவும் கணவரே சொல்லிக்கொடுத்து. பயமா என்றால் இல்லை. நிற்கமாட்டாள். சிவப்பு விளக்கைப் பார்த்தால், "யாரும் வரலையே" என்று போய்விடுவாள். திரைச்சீலை தைக்கும் தொழிற்கூடத்தில் பத்தாம் நம்பர் மிஷினில் இருபத்திரண்டு வருடமாக உட்காருகிறவள். ஆறு மீட்டர் தையலை நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் துணி சுருங்கும். அதனால் காலை எடுக்காமல், கையால் மட்டும் வழி சொல்லிப் பழகியவள். அந்தப் பழக்கத்தோடு அவள் தெருவில் இறங்கியதும் நான்கு பரிசோதகர்கள் நான்கு விதமாகக் கத்தியிருக்கிறார்கள். நிதானம் பள்ளியில் சம்பளம் வாங்குகிற எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அவளை 'நிக்காத அம்மா' என்றே சொன்னார்கள்.

படகோட்டும் தேர்வுக்கு முதலில் போனது கணவர்தான். கால்வாய்த் துறையிலிருந்து ஏரிக்கரை அலுவலகம்வரை நாற்பது கிலோமீட்டர். பரிசோதகரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டவேண்டும். முப்பது கிலோமீட்டர் அழகாக ஓட்டினார். கழிமுகத்தில், ஏரித் தண்ணீர் முழுவதும் கடலைப் பார்த்து அவசரமாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில், ஆபத்தான இடம் என்று தெரிந்ததும் தன் மாணவர்கள் நாலாயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்ததையே செய்தார். வேகத்தைக் குறைத்தார். படகு அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தண்ணீர் போன பக்கம் போய், மணல்திட்டில் ஏறி உட்கார்ந்தது. மறுபடி தண்ணீர் ஏற நான்கு மணி நேரம். பரிசோதகர் பேன்ட்டோடு இறங்கி இடுப்பளவில் நின்று படகைத் தள்ளிப் பார்த்தார். அது நகரவில்லை. அறிக்கையில் "திறமை உண்டு, ஓட்டம் இல்லை" என்று எழுதினார். அடுத்த விண்ணப்பம் ஆறு மாதம் கழித்துத்தான்.

படகு நிறுத்தும் துறையிலோ ஆறு மாதம் காத்திருக்க மாட்டார்கள். மாதக் கடைசி தேதி மாலை ஐந்து மணிக்குள் படகை ஓட்டும் உரிமம் உள்ள ஒருவர் அதைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து பதியாவிட்டால், அவர்களுக்கு ஒதுக்கிய பதினேழாம் நம்பர் இடம் வேறொருவருக்கு. இடம் இல்லாத படகைத் தண்ணீரில் வைக்கக்கூடாது. தரையில்தான் வைக்கவேண்டும். தரையில் வைக்க ஒருவர் தயாராகவே இருந்தார்.

கணவரின் தம்பி, பல் டாக்டர். படகைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, காத்திருக்கும் அறை ஆக்கப்போகிறாராம்.

"பிள்ளைங்க ஏறி விளையாடும் அண்ணி. அழாது. உள்ளே வரும்போது சிரிச்ச முகமா வரும்."

"வெளியே போகும்போது?"

"அது தொழில்."

அண்ணனும் தலையாட்டிவிட்டார். தோற்ற மனுஷன் எதற்கும் தலையாட்டுவான். அவள்தான் ஆட்டவில்லை. படகு வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, கணவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டு உள்ளே போன மூன்று நிமிடம், ஸ்டீயரிங் அவள் கையில் இருந்தது. ஊசி இல்லை, துணி இல்லை, எதிரே நேராகக் கால்வாய். இருபத்திரண்டு வருடத்தில் யாருடைய ஜன்னலுக்கும் போகாத ஒரு நேர்கோடு அவளுக்குக் கிடைத்தது அன்றைக்குத்தான். அந்த மூன்று நிமிடத்தைக் கொண்டுபோய்ப் பல் ஆஸ்பத்திரி வாசலில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டாள். படகுப் பட்டறை மெக்கானிக்கிடம் தினமும் வேலை முடிந்து ஒன்றரை மணி நேரம், மூன்று வாரம் கற்றுக்கொண்டாள். தேர்வு தேதி வந்தது. மாதக் கடைசி நாள்.

"கத்துக்குடுக்கிறவன் வீட்டுக்குள்ளயே இருக்கேன். நீ வெளியே போய்க் கத்துக்கிட்டு வந்திருக்க," என்றார் கணவர், சாப்பிட்ட தட்டைப் பார்த்துக்கொண்டே.

"வீட்டுக்குள்ள நாலு தடவை கத்துக்கிட்டாச்சுங்க."

தேர்வில் கயிறு பிடிக்க ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். அதற்கு வருகிறேன் என்றார். அந்தப் பாதத்தையும் கூட்டிக்கொண்டுதான் வருவார் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

காலை பத்தரை மணிக்குக் கால்வாய்த் துறையில் பரிசோதகர் வந்து சேர்ந்தார். அதே பரிசோதகர். தோளில் ஒரு பை. பையின் வாய்க்குள், பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டிய மாற்று பேன்ட் தெரிந்தது. கணவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு பையை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அம்மா, இதுக்கு முன்னாடி எதாவது ஓட்டியிருக்கீங்களா?"

"தையல் மிஷின் சார்."

"அது நகராதே."

"துணி நகரும் சார்."

பரிசோதகர் குறித்துக்கொண்டார். தரையில் இருந்த பெடல் கண்ணில் பட்டது. "இது என்ன?"

"மனசுக்கு," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

கரையில் பல் டாக்டர் காரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கையில் அளவு நாடா. "நான் ரோடு வழியா வர்றேன் அண்ணி! எங்கயாவது தரை தட்டிடுச்சுன்னா ஒரு சத்தம் குடுங்க, கிரேனுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்!"

"உங்க வாயால ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க தம்பி."

"அன்னிக்கு அண்ணன் பல்லைப் புடுங்கினேன்ல, வலிக்கலைன்னாரு. அந்த மாதிரிதான் இதுவும்."

கயிற்றை அவிழ்த்தார்கள். இஞ்சின் இருமியது, பிறகு பேசியது, பிறகு பாட ஆரம்பித்தது. அவள் வேகக் கைப்பிடியை முன்னால் தள்ளினாள். படகு துறையை விட்டு, வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது.

முதல் பதினைந்து கிலோமீட்டர் கால்வாய். இரண்டு பக்கமும் கல் கட்டிய கரை, கரைமேல் துவைத்த துணி காயும் கொடிகள், பின்வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர்கள், தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு போனில் சண்டை போடுகிறவர்கள். வீட்டின் முன்பக்கத்தைப் பெயின்ட் அடித்து ஊருக்குக் காட்டுகிற மனிதர்கள் எல்லோரும், பின்பக்கம் எப்படி வாழ்கிறார்கள் என்பது படகில் போகிறவர்களுக்கு மட்டும் தெரியும். அவள் அதையெல்லாம் ரசிக்கவில்லை. சிவப்பு மிதவை இடது பக்கம், பச்சை மிதவை வலது பக்கம். கோடு போட்டுத் தைக்கிற மாதிரி போய்க்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு வளைவிலும் பக்கத்தில் டக், டக் என்று சத்தம் கேட்டது. பாதம் பெடலை மிதிக்கிற சத்தம்.

"நீங்க எதுவும் சொல்லக்கூடாது சார். விதி இருக்கு," என்றார் பரிசோதகர்.

"நான் எங்க சொன்னேன்? கால்தான் சொல்லுது."

முதல் பாலத்தின் நடுவில் பல் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். படகு பாலத்துக்குக் கீழே நுழையும் நேரம் பார்த்து மேலேயிருந்து அளவு நாடாவைத் தொங்கவிட்டார். அது படகின் கூரையைத் தொட்டுக்கொண்டே வந்து, பரிசோதகரின் தலையையும் தொட்டுவிட்டுப் போனது.

"ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள போயிடும்! பத்து சென்டிமீட்டர் மிச்சம்!" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"யார் அவர்?" என்றார் பரிசோதகர், தலையைத் தடவிக்கொண்டே.

"என் தம்பி சார்," என்றார் கணவர். "பல் டாக்டர். மத்தபடி நல்லவன்."

கால்வாய் ஆற்றில் சேருகிற இடத்தில் பரிசோதகர் நோட்டைப் புரட்டினார். "நாலாவது அயிட்டம். அதோ அந்தக் கம்பத்துக்குப் பக்கத்துல அஞ்சு நிமிஷம் நிக்கணும். கட்டக்கூடாது. நங்கூரம் போடக்கூடாது. சும்மா நிக்கணும்."

கணவர் அவள் பக்கம் திரும்பினார். நிற்கவேண்டும்! இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் நின்று அவர் பார்த்ததில்லை. கல்யாண போட்டோவிலேயே அசைந்திருக்கிறாள். ஆற்றிலோ தண்ணீர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. பாதம் தன் கடமையைச் செய்யத் தொடங்கியது. டக் டக் டக்.

அவள் கம்பத்தைத் தாண்டிப் போனாள். போச்சு என்று நினைத்தார் கணவர். அவள் படகை ஒரு சுற்றுச் சுற்றித் தண்ணீருக்கு முகம் கொடுத்துத் திருப்பினாள். இப்போது ஆறு எதிரே வந்தது. கைப்பிடியை மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனாள், ஒரு இடத்தில் பிடித்து நிறுத்தினாள். ஆறு எவ்வளவு வேகமாகக் கீழே இழுத்ததோ அவ்வளவு வேகமாகப் படகு மேலே ஏறிக்கொண்டிருந்தது. இஞ்சின் ஓடியது, தண்ணீர் ஓடியது. கம்பமும் படகும் மட்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் அப்படியே நின்றன.

ஐந்து நிமிடம் ஆனது. ஆறாவது நிமிடமும் ஆனது. பரிசோதகர் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டார்.

"நின்னுட்டியே," என்றார் கணவர், மெல்லிய குரலில்.

"எங்கங்க நின்னேன்? ஓடிக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் அவள்.

மதியம் இரண்டு மணிக்குக் கழிமுகம் வந்தது.

கரை இரண்டு பக்கமும் சட்டென்று விலகி, இடது பக்கம் வெறும் வெளிச்சம். கடல். ஏரித் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், கால்வாய்த் தண்ணீர் எல்லாம் சேர்ந்து அந்த ஒரே வாசல் வழியாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது, சினிமா விட்டுக் கூட்டம் வெளியே வருகிற மாதிரி. அந்தக் கூட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நானூறு மீட்டர் போனால் அந்தப் பக்கம் ஏரி. இந்தக் கரையில் ஒரு பச்சை மிதவை, அந்தக் கரையில் ஒரு சிவப்பு மிதவை. இரண்டையும் சேர்க்கிற கோட்டை விட்டு இடது பக்கம் நழுவினால் மணல்திட்டு. அதைத் தாண்டினால் அலைகள்.

பரிசோதகர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் பச்சை மிதவையைத் தாண்டினாள். தாண்டியதும் படகின் மூக்கைச் சிவப்பு மிதவைக்கு நேராக வைக்கவில்லை. நன்றாக வலது பக்கம், யாருக்கும் சம்பந்தமில்லாத ஒரு மரத்தைப் பார்த்து வைத்தாள். தண்ணீர் இடது பக்கம் இழுக்கும் என்றால் மூக்கு வலது பக்கம் இருக்கவேண்டும். கனமான திரைத்துணி மேஜையிலிருந்து ஒரு பக்கமாகத் தொங்கி இழுக்கும்போது அவள் கை எதிர்ப்பக்கமாகப் போகிற மாதிரி. முன்னால் சிவப்பைப் பார்த்தாள், திரும்பிப் பின்னால் பச்சையைப் பார்த்தாள், மறுபடி சிவப்பு. படகு நண்டு மாதிரி பக்கவாட்டில், ஆனால் கோடு பிசகாமல் போய்க்கொண்டிருந்தது.

இதெல்லாம் கணவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. மிதவை அங்கே இருக்கிறது, இவள் வேறெங்கோ போகிறாள், அதுவும் முழு வேகத்தில். டக். பெடலை மிதித்தார். டக் டக். வேகம் குறையவில்லை. மனசுக்காக வைத்த பெடல் மனசையும் கைவிட்டது. முன்பு அவர் ஏறி உட்கார்ந்த அதே மணல்திட்டு இடது பக்கம் மஞ்சளாகத் தெரிந்தது. இருபத்தேழு வருடத்தில் நாலாயிரம் பேரைக் காப்பாற்றிய ஒரு பழக்கம் அவருடைய வலது காலிலிருந்து புறப்பட்டு, வழி இல்லாததால் இடுப்பு, தோள் என்று ஏறி, கைக்கு வந்து சேர்ந்தது. கை நீண்டது. வேகக் கைப்பிடியைப் பிடித்து முழுவதும் பின்னால் இழுத்தது.

இஞ்சின் அடங்கியது. அவள் கையில் ஸ்டீயரிங் நூல் அறுந்த பொம்மை மாதிரி லேசானது. படகுக்கு ஓட்டம் இருந்தால்தான் அது சொன்ன பேச்சைக் கேட்கும். ஓட்டம் இல்லாவிட்டால் அது வெறும் மரக்கட்டை. மூக்கு இடது பக்கம் திரும்பியது. பச்சை, சிவப்பு இரண்டும் கோட்டை விட்டுக் கலைந்து ஆளுக்கொரு பக்கம் போயின. எதிரே முழுவதும் கடல். பரிசோதகரின் கை பிளாஸ்டிக் உறையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்திருந்தது.

அவள் கணவரின் கையின் மேல் ஓங்கி ஒரு அடி வைத்தாள். கைப்பிடியை முன்னால் தள்ளினாள். பாதி இல்லை, முழுவதும்.

"எந்திரிங்க."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"எந்திரிங்கன்னேன்! முன்னாடி போய் உக்காருங்க. கயித்தைப் புடிங்க. நான் சொல்ற வரைக்கும் கையை விடக்கூடாது."

"எந்தக் கயித்த?"

"எதாவது ஒரு கயித்த!"

அவர் எழுந்தார். எழுந்துவிட்டோம் என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. தவழ்ந்துபோய்ப் படகின் மூக்கில் உட்கார்ந்து, எதோடும் கட்டாத ஒரு கயிற்றை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

இஞ்சின் அலறியது. படகு நடுங்கியது. இரண்டு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அந்த இரண்டு நொடிக்குள் மணல்திட்டு ரொம்ப நெருங்கி வந்து, அதன்மேல் கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்த ஒரு கொக்கின் கண் நிறம்கூடத் தெரிந்தது. அந்த இடத்தைப் பரிசோதகர் அடையாளம் கண்டுகொண்டார். அவர் நின்ற இடம்தான்.

பிறகு ஸ்டீயரிங்கில் எடை வந்தது. நூல் ஏறிய ஊசி மாதிரி. அவள் அதை வலது பக்கம் ஒடித்துத் திருப்பினாள். மூக்கு கடலை விட்டது, திட்டை விட்டது, சிவப்பைத் தாண்டி மறுபடி அந்த மரத்துக்கு வந்தது. தண்ணீர் வலது பக்கத்திலிருந்து முகத்தில் அறைந்தது. அவள் துடைக்கவில்லை. சிவப்பு. பச்சை. சிவப்பு. கலைந்துபோன இரண்டு மிதவையும் மெல்ல மெல்ல நகர்ந்து, முன்னும் பின்னுமாக, மறுபடி ஒரே கோட்டில் வந்து நின்றன. கொக்கு இவர்களை விட்டுவிட்டு வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தது.

சிவப்பு மிதவை இடது பக்கத்தில், கைநீட்டித் தொடுகிற தூரத்தில் கடந்துபோனது. அதற்கு அந்தப் பக்கம் ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது.

"ஆயிடுச்சா?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. "கயித்தை விடலாமா?"

"விடுங்க."

பரிசோதகர் உறையை மறுபடி முடிச்சுப் போட்டுப் பைக்குள் வைத்தார். நோட்டைத் திறந்தார். முகத்தில் நல்ல சேதி எதுவும் தெரியவில்லை.

"அம்மா, ஒன்பதாவது விதி. ஓட்டுறவங்களால முடியாமப் போய், கயித்து ஆள் கை வெச்சா, தேர்வு அங்கேயே முடிஞ்சுது. அவர் கை வெச்சுட்டார்."

வாயைத் திறந்தால் அவளுக்கு அழுகை வந்துவிடும். அழுகைக்கு வழிவிட்டால் கோடு பிசகும். அதனால் எதிரே பார்த்துக்கொண்டே கேட்டாள். "எனக்கு முடியாமப் போச்சுன்னு யாரு சார் சொன்னது?"

"அவர் கை வெச்சாரே. எதுக்கு வெச்சார்? அதை நான் எழுதணும். நீங்க சொன்னாச் செல்லாது. கை வெச்சவர்தான் சொல்லணும்."

இப்போது இரண்டு பேரும் கணவரைப் பார்த்தார்கள்.

அவர் ஈரச்சட்டையோடு படகின் மூக்கிலிருந்து இறங்கி வந்தார். ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் 'மாஸ்டர்'. சாலையில் போனால் பச்சை விளக்கில்கூட நிறுத்தி வணக்கம் சொல்வார்கள். மனைவிக்கு ஓட்டத் தெரியாது என்பது அந்தப் பள்ளியில் எழுதாத பாடம். இருபது வருடமாக முதல் நாள் வகுப்பில் அவர் சொல்லும் முதல் நகைச்சுவையும் அதுதான். பசங்கள் கட்டாயம் சிரிப்பார்கள்.

"பேனா குடுங்க சார்," என்றார்.

பரிசோதகரின் நோட்டிலேயே எழுதினார். நின்றுகொண்டே எழுதினார். எழுதி முடித்து, கற்றுக்கொடுக்கிறவர்களுக்கே உரிய பழக்கத்தில் சத்தமாகப் படித்தார்.

"என் மனைவி சரியாக ஓட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பயம் வந்தது. பயத்தில் கை வைத்தேன். வைத்தது தப்பு. நான் கை வைக்காமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வைத்த பிறகும் ஒன்றும் ஆகவில்லை, அதற்குக் காரணம் அவள். இப்படிக்கு, நிதானம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி உரிமையாளர்."

"பதவி எல்லாம் தேவையில்லை," என்றார் பரிசோதகர்.

"இருக்கட்டும் சார். முழுசா இருக்கட்டும்."

பரிசோதகர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு வேறொரு பக்கத்தைத் திருப்பினார். "பன்னிரண்டாவது அயிட்டம். ஆபத்து நேரத்துல படகில் இருக்கிறவங்களைக் கட்டுப்பாட்டுல வெச்சிருக்கணும். இதுக்கு மார்க் போட எனக்கு வழக்கமா ஒண்ணும் கிடைக்காது. எல்லாரும் சமத்தா உக்காந்திருப்பாங்க." எழுதினார். "இன்னிக்குத்தான் முழு மார்க் போடுறேன்."

மூன்று ஐம்பதுக்கு ஏரிக்கரை அலுவலகத்தின் துறையில், இரண்டு வெள்ளைப் படகுகளுக்கு நடுவே, ஒரு முட்டையை அட்டையில் வைக்கிற மாதிரி படகைக் கொண்டுபோய் வைத்தாள். உள்ளே போய் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வர இருபது நிமிடம் ஆனது. உரிமம் ஒரு சின்ன நீல அட்டை. போட்டோவில் அவள் அசையாமல் இருந்தாள்.

பரிசோதகர் கை கொடுத்தார். "பேன்ட் காய்ஞ்சபடியே வீட்டுக்குப் போறேன். என் வீட்டம்மா நம்பமாட்டா."

ஆனால் படகு நிறுத்தும் துறை இன்னும் மூன்று கிலோமீட்டர். நடுவில் தூக்குப்பாலம். உரிமம் உள்ளவர் ஹாரன் அடித்துக் கேட்டால் மட்டும்தான் தூக்குவார்கள், அதுவும் அரை மணிக்கு ஒரு தடவை. நாலரையை விட்டால் ஐந்து. ஐந்து என்றால் பதினேழாம் நம்பர் போச்சு. கரையிலிருந்து பல் டாக்டர் இதையெல்லாம் கணக்குப் போட்டுவிட்டார்.

"அண்ணி, நான் முன்னாடி போறேன்! ஆஃபீஸ்ல சொல்லி வைக்கிறேன்!"

"என்னன்னு சொல்லி வைப்பீங்க?"

"நிலைமையப் பொறுத்து!" கார் புறப்பட்டுப் போயே போய்விட்டது.

நாலு இருபத்தெட்டுக்குப் பாலம் தெரிந்தது. மேலே ரோடு நிறைய வண்டிகள், ஆபீஸ் விடும் நேரத்து வெறியோடு இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தன. கணவர் பக்கத்தில் நின்றார். இருக்கையில் உட்காரவில்லை.

"அடிக்கட்டுமா?" என்று அவள் கேட்டாள். கேட்ட பிறகுதான், கேட்கவேண்டியதில்லை என்பது நினைவுக்கு வந்தது. அடித்தாள். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாலத்தின் கூண்டிலிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. "யாருப்பா ஓட்டுறது?"

அவள் நீல அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். கூண்டுக்காரர் பைனாகுலரில் பார்த்தார். சற்று நேரம் பார்த்தார்.

"வாங்கம்மா," என்றது ஒலிபெருக்கி.

மணி அடித்தது. ரோட்டில் தடுப்புக் கம்பிகள் இறங்கின. பஸ் நின்றது. லாரி நின்றது. பள்ளிக்கூட வேன், தண்ணீர் டேங்கர், ஒரு போலீஸ் ஜீப் எல்லாம் வரிசையாக நின்றன. பாலம் நடுவில் பிரிந்து, இரண்டு பாதியாக வானத்தைப் பார்த்து எழுந்தது. தடுப்புக்கு முன்னால் முதல் வண்டியாக, முகத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு பல் டாக்டர் இருந்தார்.

"அண்ணி! அண்ணி, நான் இங்க மாட்டிக்கிட்டேன்!"

"மெதுவா வாங்க தம்பி!" என்று கத்தினாள் அவள். "அவசரமே இல்ல!"

கைப்பிடியை முழுவதும் தள்ளினாள். பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிவந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தார்கள். யாரோ ஒருவர் விசிலடித்தார். நிதானம் என்று எழுதிய ஒரு சின்னப் படகு, ஊரையே நிறுத்தி வைத்துவிட்டு, பின்னால் வெள்ளை நுரையை இரண்டு பாகமாகக் கிழித்துக்கொண்டு நடுவில் போனது.

நாலு நாற்பத்தாறு. துறை அலுவலகத்தில் எழுத்தர் பதிவேட்டை மூடி வைத்திருந்தார். கண்ணாடிக்கு மேலே பார்த்தார். வாசலில் ஈரச்சட்டையோடு ஒரு ஆண், பக்கத்தில் ஈரப்புடவையோடு ஒரு பெண். எழுத்தர் நேராக ஆணைப் பார்த்துப் பேனாவைத் திறந்தார். "பதினேழா? சார், ஓட்டுறது நீங்கதானே?"

கணவர் ஒதுங்கி வழிவிட்டார்.

"நான் கயித்து ஆள்," என்றார்.